தள்ளுபடியான வழக்கை வேலை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் தம்பி கிரீன் கார்டில் இருக்கிறான். 2022-ல் கடையில் பணம் கட்டாமல் பொருளை எடுத்து வந்ததாகக் கைது செய்தார்கள். சின்ன வழக்குதான். நீதிபதி டைவர்ஷன் (தண்டனை தராமல், சொன்னதைச் செய்து முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு) கொடுத்தார்; வகுப்புக்குப் போய் முடித்தான், வழக்கு தள்ளுபடி ஆனது. இப்போது நகராட்சிக் கட்டடங்களைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை கேட்கிறான். விண்ணப்பத்தில் 'எப்போதாவது கைதானதுண்டா?' என்று கேட்டிருக்கிறார்கள். ரெக்கார்டைச் சுத்தம் செய்து தர ஒரு ஏஜென்ட் 1,200 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

அந்தக் கேள்வியே விண்ணப்பத்தில் இருக்கக்கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நகராட்சி கான்ட்ராக்டர், 'உனக்கு வேலை உண்டு' என்று நிபந்தனையோடு சொன்ன பிறகுதான் குற்றப் பின்னணி பற்றி வாயைத் திறக்கலாம். 2017 ஜனவரியிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் நகர விதி இது. சப் கான்ட்ராக்டருக்கும் பொருந்தும். மீறினால் முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 டாலர். பெரிய கம்பெனி அதை டீச்செலவில் எழுதிவிடும். பழைய விண்ணப்பத் தாள்கள் இன்னும் சுற்றுவது பின்னே எதனால்?

2018-ல் வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டம் உங்களுக்கு இன்னும் சாதகம். தண்டனையில் முடியாத கைதையும், டைவர்ஷனுக்குப் போனதையும் கம்பெனி கணக்கில் எடுக்கவே கூடாது. டைவர்ஷனை ஒழுங்காக முடித்தவருக்கு அந்தக் கைதே நடக்காததாகக் கருதப்படும். ஆகவே தம்பி 'இல்லை' என்று எழுதலாம், அது பொய் ஆகாது. பின்னணிச் சோதனைக்குப் பிறகு மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பதில் சொல்ல குறைந்தது 5 வேலை நாட்கள் தந்தாக வேண்டும்.

சரி, ஏஜென்ட். நீதிமன்றத்தின் இணையதளத்தில் சும்மா கிடக்கும் படிவத்தை அச்செடுத்து, உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தம்பியின் பெயரில் என்ன பதிவு இருக்கிறது என்று பார்க்க, லைவ் ஸ்கேன் முறையில் (மையில்லாமல் கருவியில்) கைரேகை கொடுத்தால் போதும். மாநில நீதித்துறைக்கு 25 டாலர், கைரேகை எடுப்பவருக்குத் தனியாகக் கொஞ்சம். பணம் போனாலாவது போகட்டும். 'எல்லாம் அழிந்துவிட்டது, இனி எங்கே கேட்டாலும் இல்லை என்று சொல்' என்று கூடவே ஒரு வாக்கும் கொடுப்பார்கள், அதுதான் விஷம். நாளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, தள்ளுபடியான கைதையும் சொல்லியே ஆக வேண்டும். அது மத்திய அரசின் படிவம். மாநிலச் சட்டம் அங்கே எடுபடாது. அந்தக் கைதைவிட, மறைத்ததுதான் பெரிய வினையாகும்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வேலை எந்தக் கட்டடத்தில்? லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையமும் நகராட்சியின் கையில்தான். அங்கே துடைப்பம் பிடிப்பவரும் நகராட்சி கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கலாம். ஆனால் பாதுகாப்புப் பகுதிக்குள் போக வேண்டிய பேட்ஜ், அதாவது அனுமதி அட்டை, மத்திய விதிப்படி தரப்படுவது. அங்கே நகர விதி ஒதுங்கி நிற்கும். குறிப்பிட்ட குற்றங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒன்றுக்குக் கடந்த 10 ஆண்டுகளில் தண்டனை பெற்றிருந்தால் பேட்ஜ் கிடையாது. சில்லறைத் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை, ஃபெலனி (பெருங்குற்றம்) அளவிலான திருட்டு உண்டு. தம்பிக்குத் தண்டனையே இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கைதின்போது போலீஸ் பெரிய குற்றப்பிரிவு எதையாவது போட்டிருந்து, தள்ளுபடி விவரம் பதிவில் ஏறாமல் இருந்தால், முடிவு தெரியாத கைதாகவே அது திரையில் தெரியும். விசாரித்துத் தெளியாமல் பேட்ஜ் தர மாட்டார்கள். கைது உடனே ஏறிவிடுகிறது, தள்ளுபடி மட்டும் ஆடி அசைந்து வருகிறது. பல நேரம் வருவதே இல்லை. அதைத் துரத்துவது நம் தலையில்தான் விழுகிறது.

அதனால் இந்த வாரமே வழக்கு நடந்த நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்துக்குத் தம்பியை அனுப்பி, தள்ளுபடி உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் இரண்டு வாங்கச் சொல்லுங்கள். ஒன்று பேட்ஜ் கவுன்ட்டருக்கு. மற்றது குடியுரிமை நேர்காணல் வரை பெட்டியில் இருக்கட்டும்.