நீங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த பாட்டு வீடியோ எது? ஏன்?

எஞ்சாயி எஞ்சாமி.

2021 மார்ச்சில் வந்தது. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த பாட்டு. அப்போது நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பக்கத்தில் போன் கவர் விற்கும் பையன் காலையில் போட்டால் கடை சாத்தும் வரை அதுதான் ஓடும். வாங்க வரும் சிங்களப் பிள்ளைகளும் சொல் விளங்காமலே கூடப் பாடுவார்கள். ஆட வைக்கிற தாளம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

வீடியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனை அறையில் படுத்தபடி பார்த்தேன். அதில் ஒரு வயதான அம்மா வருகிறார். அறிவின் சொந்தப் பாட்டி, வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்குப் போனவர். இது தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தது. மிச்சப் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை என்று எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன.

எங்கள் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) தங்கை அப்படிப் போனவர்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறப் போகிறவர்களைக் கொண்டுபோகும் கோச்சி (ரயில்) புறப்படும்போது, ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கதறுவார்களாம். மலையகத்தில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். சின்னம்மாயி நீலகிரிப் பக்கம் இருப்பதாகச் சில வருடம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

இந்தப் பாட்டுக்குள்ளும் ஒப்பாரி இருக்கிறது. துள்ளலுக்கு நடுவே குரல் இழுத்து அழுகிற இடம் வரும்போது, பார்க்காத அந்த ஸ்டேஷன் என் கண்ணுக்குள் வந்துவிடும். காட்டைத் திருத்தி மரம் நட்டவனுக்கு அந்த மண்ணில் ஒரு பிடி சொந்தமில்லை என்பதை இவ்வளவு பேர் ஆடிப் பாடுகிற ஒரு பாட்டில் வைத்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். எங்கள் கதையை மேடை போட்டுச் சொன்னபோது கொழும்பில் எத்தனை பேர் நின்று கேட்டார்கள்?

அந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாயிக்கு வீடியோவைக் காட்டினேன். ஆட்டம், உடுப்பு, காடு எதையும் அவர் கவனிக்கவில்லை. வள்ளியம்மாள் வந்த இடத்தில் நிப்பாட்டச் சொன்னார். கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இது எந்தத் தோட்டத்து ஆளு? கேட்டுச் சொல்லு, தம்பி" என்றார்.

பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று தடவை அந்த இடத்தையே போடச் சொன்னார்.