பயிற்சிக்குப் போகும் மகனுக்கு ஏவியேட்டர் கண்ணாடி வேண்டுமா?

கேள்வி: என் மகன் விமானப்படையில் பைலட் பிரிவுக்குத் தேர்வாகி, ஹைதராபாத் அருகே துண்டிகல் அகாடமியில் சேரப்போகிறான். கண்ணில் பவர் எதுவும் இல்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று கண் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. துபாயில் இருக்கும் என் தம்பி ஏவியேட்டர் கூலிங் கிளாஸ் வாங்கி வருவதாகச் சொல்கிறான். இங்கே கடைக்காரரோ, “போலரைஸ்டு வாங்குங்கள், பைலட்டுகள் போடுவது அதுதான்” என்கிறார். தெரிந்தவர் ஒருவர் மிலிட்டரி கேன்டீன் சரக்கைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். சேர்க்கைக் கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. பரேடில் போட விடமாட்டார்கள் என்றால், கண் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தனுப்பலாமா? — ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்தக் கடிதத்தை மட்டும் வாங்காதீர்கள்.

பைலட் பிரிவுக்கான மருத்துவப் பரிசோதனையில் கண்ணை எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதில் தேறி வந்த பையன் கையில், “வெயிலில் கண் கூசுகிறது, கறுப்புக் கண்ணாடி அவசியம்” என்று ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும்? அதைப் படிக்கும் ராணுவ மருத்துவருக்குக் கண்ணாடிக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்பது இரண்டாம் யோசனைதான். கண் ஏன் கூசுகிறது என்றுதான் முதலில் கேட்பார். கருவிழியில் புண்ணா, உள்ளே அழற்சியா என்று மறுபடி சோதனை ஆரம்பிக்கும். இல்லாத நோய்க்கு நாமே ஒரு கோப்பைத் திறந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். இப்படிச் சீட்டு கேட்டு என்னிடமும் வருகிறார்கள். நான் எழுதித் தராவிட்டால், காசு வாங்கிக்கொண்டு எழுதித் தர ஊரில் ஆள் இருக்கிறது. கூடவே, நிறக்குருடு சோதனையில் தேற வைக்கும் கண்ணாடி என்று சிவப்புச் சாயல் லென்ஸையும் விற்பார்கள். அந்தச் சோதனைக்கு நிற லென்ஸ் போட்டுப் போக முடியாது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

உண்மையான மருத்துவக் காரணம் வந்தால்? அது வேறு விஷயம். பயிற்சியில் கண்ணில் மண் பட்டுக் கருவிழியில் கீறல் விழலாம். அழற்சி வந்து சொட்டு மருந்து போட நேரலாம். பரிசோதனைக்காகக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால், அதன் பிறகு பல மணி நேரம் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. அப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அதை எழுதித் தரவேண்டியவர் அகாடமியின் மருத்துவ அதிகாரி. உங்கள் குடும்ப டாக்டரோ நானோ அல்ல. லீவில் வந்திருக்கும்போது ஊரில் சிகிச்சை எடுத்திருந்தாலும், அந்தச் சீட்டோடு முதலில் அவரிடம்தான் மகன் போகவேண்டும். அவர் எத்தனை நாளைக்கு எழுதுகிறாரோ அத்தனை நாள்தான். அமெரிக்கத் தரைப்படை விதியிலும் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பவர் குறைபாடு அந்தக் காரணத்தில் சேராது என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கோ பவரே இல்லை.

சரி, பரேடு. வரிசையில் நிற்கும் கேடட் கூலிங் கிளாஸ் போடுவதில்லை. கட்டடத்துக்குள்ளும் அப்படியே. மற்ற நேரத்தில் போடலாமா என்பதை அங்கே பயிற்சி தருகிறவர்தான் சொல்லவேண்டும். மகன் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும், அதுவும் சேர்ந்த முதல் வாரத்தில் வேண்டாம். நான் சொன்ன அமெரிக்க விதியில் இதெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது: முகாமில் போடலாம், அணியில் நிற்கும்போது கூடாது. லென்ஸ் சாம்பல், பழுப்பு, கரும்பச்சை நிறங்களில் இருக்கலாம், சிவப்பு, மஞ்சள், நீலம் கூடாது. சீருடையில் தொங்கவிடவோ தலைமேல் ஏற்றிவைக்கவோ கூடாது. நீங்கள் பெற்ற கடிதத்தில் இப்படி ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பிள்ளையை அனுப்புகிற வீட்டில் என்னென்ன சந்தேகம் வரும் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

அடுத்து உங்கள் கடைக்காரர். பைலட்டுகள் போடுவது போலரைஸ்டு என்று அவர் சொன்னது தலைகீழ். தண்ணீர், ஈர ரோடு மாதிரிப் படுக்கையான பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வெட்டுவது போலரைஸ்டு லென்ஸின் வேலை. கடலுக்குப் போகிறவருக்கும் கார் ஓட்டுகிறவருக்கும் அது அருமையான பொருள். விமானத்தில் கதை வேறு. முன்னால் இருக்கும் திரைகள் ஒரு கோணத்தில் இருண்டுபோகும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கில் வண்ணத் திட்டுகள் தெரியும். தூரத்து விமானம் வெயிலில் ஒரு கணம் மின்னுமே, அந்த மின்னலையும் இது தின்றுவிடலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குப் போலரைஸ்டு வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

கடையில் ஒரு அட்டையைக் காட்டி, கண்ணாடி போட்டால் மட்டும் அதில் படம் தெரியும் என்று வித்தை காட்டுவார்கள். அந்தப் படம் தெரிந்தால் லென்ஸ் போலரைஸ்டு என்று அர்த்தம், அவ்வளவுதான். புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. நீங்கள் வேறு ஒன்று செய்யுங்கள். பில் போடும் மேஜையிலிருக்கும் கால்குலேட்டரை வாங்கி, கண்ணாடி வழியாக எண்களைப் பார்த்தபடியே கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்து எண்கள் காணாமல் போனால் அது போலரைஸ்டு. பிறகு கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்து மேலும் கீழும் அசையுங்கள். கம்பி பாம்பு மாதிரி நெளிந்தால் மட்டமான லென்ஸ். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கறுப்பு என்றால் பாதுகாப்பு என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்பு லென்ஸ், ஒன்றும் போடாமலிருப்பதைவிட மோசம். இருட்டில் பாப்பா விரியும், விரிந்த வழியாகக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். கேன்டீன் சரக்கில் என் பயமே இதுதான். மிலிட்டரி கேன்டீன் பொருள் அட்டை வைத்திருப்பவர் தன் உபயோகத்துக்கு வாங்குவது. வெளியே விற்கக் கூடாது. ஆகவே உங்களுக்குப் பாதி விலையில் வருவது ஒன்று முறைகேடான சரக்கு, இல்லை கேன்டீன் வாசலையே பார்க்காத போலி. எனக்குத் தெரிந்து பெரும்பாலும் இரண்டாவது. ‘மிலிட்டரி கிரேடு’ என்று ஸ்டிக்கர் ஒட்ட யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

ஏவியேட்டர் வடிவம் உண்மையிலேயே விமானிகளுக்காக வந்ததுதான். அமெரிக்க ராணுவ விமானிகளின் கண்கூச்சத்துக்காக பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் செய்தது, 1937-இல் ரே-பான் என்ற பெயரில் பொதுச் சந்தைக்கு வந்தது. விமானி அடிக்கடி கீழே கருவிகளைப் பார்ப்பார், அதனால்தான் லென்ஸ் கன்னம் வரை கண்ணீர்த்துளி போல இறங்குகிறது. 1944-இல் பிலிப்பைன்ஸ் கரையில் முழங்கால் தண்ணீரில் நடந்துவரும் ஜெனரல் மெக்ஆர்தர் படத்துக்குப் பிறகு அது கெத்துக்கான பொருளாகிவிட்டது. பிற்பாடு அமெரிக்க விமானப்படைக்கு வந்த பைலட் கண்ணாடி கொஞ்சம் சதுரமானது. காதைச் சுற்றி வளையாத நேர்க் கம்பியோடு இருக்கும், ஹெல்மெட்டையோ ஹெட்போனையோ கழற்றாமலே செருகலாம். இன்னொன்று, போர் விமானி ஹெல்மெட்டிலேயே இழுத்துவிடும் கறுப்பு வைசர் இருக்கிறது. விமானத்துக்குள் தேவையானதை விமானப்படை கொடுக்கும், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஆகவே இப்போதைக்கு ஒன்றும் வாங்காமல் அனுப்புங்கள். பரேடு வெயிலில் தொப்பி விளிம்பே நிறையத் தடுக்கும். பிறகு வெளியே போய்வர அனுமதி கிடைக்கும் நாட்களில் வேண்டுமானால் சாம்பல் நிறத்தில், யுவி 400 (புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) என்று போட்ட மூன்றாம் வகை லென்ஸ் வாங்கலாம். மூன்றாம் வகை என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம்தான் உள்ளே வரும், அது போதும். நான்காம் வகை இன்னும் இருட்டு, அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது. ஓடியாடும் வயதில் உடையும் கண்ணாடி லென்ஸ் எதற்கு? எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ் கேளுங்கள்.

தம்பி ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 58, 14, 135 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். அவை லென்ஸ் அகலம், மூக்கின் மேல் இடைவெளி, கம்பி நீளம், மூன்றும் மில்லிமீட்டரில். ஒல்லி முகத்துக்கு 58 பெரிது, 55 சரியாக உட்காரும். ரே-பான் என்றால் பக்கத்திலேயே பெரும்பாலும் 3 என்ற எண்ணும் (நான் சொன்ன மூன்றாம் வகை) ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எழுத்து ‘என்’ என்றால் சாதாரண லென்ஸ், மகனுக்காக எடுத்து வைக்கலாம். ‘பி’ என்றால் போலரைஸ்டு. அதைத் தம்பியே போட்டுக்கொள்ளட்டும், துபாய் ரோட்டில் கார் ஓட்ட நன்றாக இருக்கும்.