ஒரே மாடல், வேற ஸ்டெப்பிங்: பூட் ஆகும்போது விழும் இயந்திரங்கள் பற்றிய கேள்வி பதில்

இரண்டு சாக்கெட் போர்டுக்கு ப்ராசசர்களைத் தனித்தனியாக வாங்கிப் போட்டவர்கள் கேட்ட கேள்விகள்தான் இதில் பெரும்பாலும். ஸ்டெப்பிங் என்பது ஒரே மாடல் சிப்பின் திருத்தப் பதிப்பு.

கேள்வி: அண்ணா, இரண்டுமே இன்டெலின் ஜியான் இ5-2670 ப்ராசசர். பத்துக்கு ஒரு தடவை லினக்ஸ் பூட் ஆகும்போதே பேனிக் ஆகி, அதாவது பிழை காட்டி, நின்றுவிடுகிறது. ரேம் மாற்றியாயிற்று, ஓஎஸ் மூன்று தடவை போட்டாயிற்று.

பதில்: ஓஎஸ்ஸை இனிமேல் தொடாதீர்கள் தம்பி. 2670 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் அதில் சி1, சி2 என்று இரண்டு ஸ்டெப்பிங் உண்டு, மேல்மூடியில் எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீட்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கழற்ற மனமில்லை என்றால், நல்லபடியாக பூட் ஆன ஒரு நேரத்தில் சிபியுஇன்ஃபோ (/proc/cpuinfo) கோப்பைத் திறந்து ஒவ்வொரு கோருக்கும் ஸ்டெப்பிங், மைக்ரோகோடு இரண்டு வரியையும் பாருங்கள். சி1 என்றால் 6, சி2 என்றால் 7. ஸ்டெப்பிங் வேறாக இருப்பது மட்டுமே குற்றம் இல்லை, பல போர்டுகள் அதைத் தாங்கும். ஆனால் பயாஸ் ஒவ்வொரு ஸ்டெப்பிங்குக்கும் தனி மைக்ரோகோடு, அதாவது சிப்பின் பிழைகளைத் திருத்த அதற்குள் ஏற்றும் சிறு நிரல், வைத்திருக்க வேண்டும், ஒன்றுக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாவிட்டால் அந்தச் சிப் தன் பழைய பிழைகளோடேயே ஓடும். அதனால் முதலில் பயாஸ் அப்டேட்.

அப்புறம் ஒரே ஒரு கோரை மட்டும் எழுப்பச் சொல்லும் மேக்ஸ்சிபியுஸ்=1 (maxcpus=1) என்பதை ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குக் கொடுத்து முப்பது நாற்பது தடவை பூட் செய்யுங்கள், பொறுமை வேண்டும், ஐந்து தடவை சரியாக வந்துவிட்டது என்று நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. ஒரு தடவைகூட விழவில்லை என்றால் ஒவ்வொரு சிப்பையும் முதல் சாக்கெட்டில் தனியாகப் போட்டு அதே சோதனை. தனியாக இரண்டும் ஓடி, சேர்ந்தால் மட்டும் விழுகிறது என்றால் பொருத்தம்தான் சந்தேகம். இரண்டாவது சாக்கெட்டின் பின்கள் வளைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள், அதுவும் இதே மாதிரிதான் காட்டும்.

கேள்வி: பொருத்தமில்லை என்றால் எப்போதுமே விழவேண்டாமா? ஏன் சில தடவை மட்டும்?

பதில்: நல்ல கேள்வி, பலரைத் தப்பான பக்கம் இழுத்துப் போவதே இதுதான். மின்சாரம் வந்ததும் ஒரு ப்ராசசர் மட்டும் பூட் ப்ராசசர் ஆகிறது, மற்றவை பிறகு எழுப்பப்படுகின்றன. கர்னல் தன் முடிவுகள் பலவற்றை முதலில் எழுந்ததைப் பார்த்தே எடுக்கிறது. பழைய பல ப்ராசசர் இயந்திரங்களில் யார் முதல் என்பது ஹார்டுவேர் அந்த நேரத்தில் தேர்ந்தெடுப்பது. வசதி குறைந்தது முதலில் எழுந்தால் எல்லாம் அதற்கேற்ப அடங்கி ஓடும், வசதி கூடியது முந்திக்கொண்டால் மற்றது தனக்குத் தெரியாத கட்டளையில் மாட்டிக்கொள்ளும். எந்த வேலை எந்தக் கோரில் விழுகிறது என்பதும் ஒவ்வொரு பூட்டிலும் மாறுகிறதே.

கேள்வி: விண்டோஸில் நீலத்திரையில் ஸ்டாப் கோட் 3இ (0x3E) வருகிறது சார்.

பதில்: ப்ராசசர்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை என்று விண்டோஸே சொல்கிறது. ஜோடியை மாற்றுங்கள். 101 வந்தால் அது வேறு, ஒரு கோர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஓவர்கிளாக், வோல்டேஜ் எல்லாம் பார்த்த பிறகே பொருத்தத்துக்கு வாருங்கள்.

கேள்வி: ஒரே சிப்புக்குள் இப்படி நடக்குமா?

பதில்: நடந்திருக்கிறது. சாம்சங்கின் எக்ஸினோஸ் 9810-இல் சிறிய கோர்களுக்குப் புதிய அட்டாமிக் கட்டளைகள் (நினைவகத்தை இடையூறின்றி ஒரே மூச்சில் மாற்றுபவை) தெரியும், பெரிய கோர்களுக்குத் தெரியாது. கோ மொழியில் எழுதிய நிரல்கள் அந்த வசதி இருப்பதாகக் கர்னல் சொன்னதை நம்பிப் பெரிய கோரில் விழுந்தன. அதற்கு முந்தைய 8890-இல் கேஷ் வரிசை, அதாவது கேஷ் நினைவகம் ஒரு தடவைக்குக் கையாளும் அளவு, சிறிய கோர்களில் 64 பைட், பெரிய கோர்களில் 128. டாட்நெட் நிரல்களை ஓட்டும் மோனோவில் ஓடிய நிரல்கள் காரணம் புரியாமல் விழுந்துகொண்டிருந்தன.

கேள்வி: கான்ஃபிடென்ஷியல் என்று பொறித்த ஜியான் மலிவாகக் கிடைக்கிறது, ஜோடிக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். அது சோதனைக்கு விட்ட மாதிரிச் சிப். கடைக்கு வந்த பயாஸில் அதற்கு மைக்ரோகோடு இருக்கும் என்று நம்பவே முடியாது. எஸ்ஆர் குறியீடு ஒன்றாக உள்ள இரண்டைச் சேர்த்து வாங்குங்கள், விற்பவரிடம் மூடியின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.