ஒரே வேரில் கயிறும் அறிவும் சிறையும்

செய்தியில் வந்த 'முஃதகல்' என்ற அரபுச் சொல்லைத் தேடப் போய், அகராதியில் கயிறும் அறிவும் தடுப்பு முகாமும் ஒரே பக்கத்தில் இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். பக்கம் சரிதான், மூன்றும் ஐன்-காஃப்-லாம் என்ற மூன்று அரபு எழுத்து வேரில் பிறந்த சொற்கள்தான்.

மூலப் பொருள் கட்டுவது. உட்கார்ந்திருக்கும் ஒட்டகத்தின் முன்னங்காலை மடக்கி, மடங்கிய இரண்டு பாகத்தையும் சேர்த்துச் சுற்றிவிட்டால் அது எழுந்து ஓடாது. அந்தக் கயிறு இகால். அரபு ஆண்கள் தலைத்துணிமேல் வைக்கும் கறுப்பு வளையத்துக்கும் அதே பெயர். மனிதனைக் கண்டபடி போகவிடாமல் இழுத்துப் பிடிப்பது அக்ல், அதாவது அறிவு. இந்த வேரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அப்புறம், கொலைக்கான ஈட்டுத்தொகையும் அக்ல்தான்: ஈடாகக் கொடுத்த ஒட்டகங்களைக் கொல்லப்பட்டவரின் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து கட்டுவார்கள் என்று பழைய அகராதிக்காரர்கள் விளக்குகிறார்கள். அதைச் சேர்ந்து கொடுக்கும் உறவுக்கூட்டம் ஆகிலா.

முஃதகலை மீம் (ம) எழுத்தில் தேடாதீர்கள், இந்த அகராதியில் சொற்கள் வேரின்கீழ்தான் இருக்கும். முன்னால் உள்ள 'மு'வையும் நடுவில் நுழைந்த 'த'வையும் எடுத்துவிட்டால் மிச்சம் அதே மூன்று எழுத்து. கைதானவர், அவரை அடைக்கும் முகாம் இரண்டுக்கும் அந்தச் சொல் வரும், வாக்கியத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.