ஃபிளாட்டில் கரண்ட் வேலை: யாருக்குச் சொல்ல வேண்டும்?

டர்பன் ஓவர்போர்ட்டில் மூன்றாம் மாடி ஃபிளாட். 1970களில் கட்டிய கட்டடம். பழைய ஸ்டவ்வை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பும் தனி ஓவனும் வைக்கிறோம், ஒரு ஏர்கானும் வருகிறது. எலக்ட்ரீஷியன் முனிசிபாலிட்டிக்கு எழுத வேண்டும் என்கிறார். காசு பிடுங்கப் பார்க்கிறாரோ?

அவரை அவ்வளவு சீக்கிரம் சந்தேகப்படாதீர்கள் அக்கா. தென்னாப்பிரிக்காவின் 2009ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகள் சொல்வது இதுதான்: புது சப்ளை வேண்டும் என்றாலோ, இருக்கும் சப்ளையின் அளவைக் கூட்ட வேண்டும் என்றாலோ, வேலை தொடங்கும் முன் சப்ளை தருபவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். உங்களுக்கு அது டர்பன் மாநகராட்சியான எத்தெக்வினி. மற்ற வேலைகளுக்கு அந்த நோட்டீஸ் கிடையாது.

உங்கள் வேலை எந்தப் பக்கம் விழும் என்பது கணக்கில் இருக்கிறது. 230 வோல்ட்டில் 7 கிலோவாட் இண்டக்‌ஷன் மட்டுமே 30 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் கீசர் 13, அதே அளவு ஓவன் இன்னொரு 13, ஏர்கான் ஒரு 5. மெயின் சுவிட்ச் 60 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது என்பது உண்மைதான், தீபாவளிக்கு முந்தின ராத்திரி தவிர! எலக்ட்ரீஷியன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுச் சொன்னாரா, போடாமலே சொன்னாரா என்று கேளுங்கள். 60க்குள் அடங்கும் என்றால் எழுத வேண்டியதில்லை.

எழுதினாலும் எழுதாவிட்டாலும் சிஓசி, அதாவது வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ், வேண்டும். டிபி போர்டில், அதாவது வீட்டு லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டியில் இருந்து, புது லைன் இழுப்பது 'சேர்ப்பு'. ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் சேர்த்த பகுதிக்கு மட்டுமாவது புதிதாக வாங்க வேண்டும். 1994 மார்ச்சுக்கு முன்பிருந்தே வீடு உங்கள் பெயரில் இருந்து, இதுவரை சான்றிதழே எடுத்ததில்லை என்றால் கதை வேறு. ஒரு லைன் சேர்க்கப் போய் வீடு முழுவதையும் சோதிக்க வேண்டி வரும். இந்த வயதுக் கட்டடங்களில் டிபியைத் திறந்து பார்த்தால் கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சே இல்லாததை நான் கண்டிருக்கிறேன். அதற்கும் ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள்.

ஏர்கானின் வெளி யூனிட்டுக்கு முனிசிபாலிட்டியை விட கட்டடத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகள்தான் முக்கியம். வெளிச்சுவர் பொதுச் சொத்து. அதில் துளை போடவும், கட்டடத்தின் தோற்றத்தை மாற்றவும் எழுத்தில் அனுமதி வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வந்த கட்டைவிரலை நம்பி சுவரைக் குடையாதீர்கள்.

பிளக் பாயிண்ட் உடைந்துவிட்டது. மாற்ற சான்றிதழ் வேண்டுமா?

அதே இடத்தில் அதே மாதிரி என்றால் வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று சேர்த்தால் வேண்டும்.

வெரூலமில் எங்கள் காம்ப்ளெக்ஸுக்கு நான் டிரஸ்டி. பொது இடங்களுக்கு சிஓசி எடுக்க வந்தவர், மீட்டர் அறையில் வயர் கருகியிருக்கிறது என்று படிக்கட்டு லைட்டைத் துண்டித்துவிட்டு, அரசுக்குத் தெரிவிப்பேன் என்கிறார். மிரட்டுகிறாரா?

இல்லை ஐயா, சட்டம் அவரைச் செய்யச் சொன்னதைச் செய்கிறார். சோதனையில் குறை தென்பட்டால் அது சரியாகும் வரை அவர் சான்றிதழ் தரக்கூடாது. அந்தக் குறை உடனடி ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால், அந்தச் சுற்றைத் துண்டித்து, தொழிலாளர் துறையின் தலைமை ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும். கண்டும் காணாமல் போகிறவரைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

பொது இடத்து வயரிங்குக்குப் பொறுப்பு பாடி கார்ப்பரேட், அதாவது வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு. அவர்கள் கட்டும் லெவி கணக்கில் பணம் இல்லை என்பது சாக்காகாது. பதிவு பெற்ற கான்ட்ராக்டரை வைத்துச் சரிசெய்து சான்றிதழ் வாங்குங்கள். அதுவரை படிக்கட்டுக்கு பேட்டரி விளக்கு போதும். யாரோ ஒரு தம்பியைக் கூப்பிட்டு வயரைத் திரும்பச் சேர்த்துவிட மட்டும் வேண்டாம்.

மிட்ராண்டில் வாடகைக்கு இருக்கிறேன். இன்வெர்ட்டர், பேட்டரி வைக்கலாமா? சோலாரும் ஆசை.

சுவர் பிளக்கில் செருகி, டிவியையும் ரவுட்டரையும் அதில் மாட்டும் வகை என்றால் அது ஒரு சாமான், யாரையும் கேட்க வேண்டாம். டிபியில் இணைத்தால் அது நிறுவல் வேலை. வீட்டுக்காரரின் சம்மதமும் சிஓசியும் வேண்டும். சோலாரோடு சேர்ந்து மெயின் லைனுடன் ஒத்து ஓடும் வகை என்றால் பில் அனுப்புபவரிடமும் பதிவு செய்ய வேண்டும், அது ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சியின் சிட்டி பவரோ, அரசு மின் நிறுவனமான எஸ்கோமோ. தெருவில் லைனை அணைத்துவிட்டு வேலை செய்கிற ஆளுக்கு உங்கள் கூரையில் இருந்து கரண்ட் திரும்பி வந்துவிடக்கூடாது, அதற்குத்தான் இது. கூரையோ பொதுச் சொத்து. வாடகைக்கு இருக்கிறவருக்கு இத்தனை அலைச்சல் கட்டுப்படியாகாது என்பேன், செருகும் வகையே போதும்.

ஃபிளாட்டை விற்கிறோம். சிஓசிக்கு ஒன்றரை வயது. பழையதே செல்லுமா?

இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதுதான் விதி. பெயர் மாற்றும் டிரான்ஸ்பர் வேலை இழுத்தால் கெடு தாண்டிவிடும், நாளை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் லைட் பாயிண்ட் ஏதாவது சேர்த்திருந்தால் அதற்குத் தனியாக ஒன்று வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டிருக்கிறேன். கரண்ட் எங்கள் டிபியில் இருந்துதான் போகிறது. அவர்கள் தனி மீட்டர் கேட்கிறார்கள்.

எத்தெக்வினியிடம் தனி சப்ளை கேட்பதென்றால் அது புது சப்ளை. முதலில் நோட்டீஸ், இணைப்புக்கு முன் சிஓசி. யார் எவ்வளவு எரித்தார்கள் என்று பார்க்க உங்கள் லைனிலேயே ஒரு சின்ன மீட்டர் போதும் என்றால் நோட்டீஸ் இல்லை, சிஓசி மட்டும். வாடகைக்காரர் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருந்தால் தவிர, அந்த வயரிங்குக்குப் பொறுப்பு நீங்கள்தான். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் போகிறது என்றால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், மீட்டரைப் பற்றி அப்புறம் பேசலாம்.