தாத்தா காலத்துப் புண்ணாக்குக் கடை எங்களுடையது. மூன்றாம் தலைமுறையில் மாட்டுத்தீவனம் அரைத்து விற்கலாமா?

தாராளமாக. ஆனால் தாத்தா விற்ற புண்ணாக்கு வேறு, இன்று மூட்டையில் வந்து இறங்கும் புண்ணாக்கு வேறு.

மரச்செக்கு முழுதாகப் பிழியாது. புண்ணாக்கில் பத்து சதவீத அளவுக்கு எண்ணெய் தங்கிவிடும். இரண்டு மூன்று லிட்டர் கறந்த நாட்டு மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கும் ஆட்டிய பருத்திக்கொட்டையும் ஒரு கை தவிடும் போதுமானதாக இருந்தது. திருகு அழுத்தத்தால் பிழியும் எக்ஸ்பெல்லர் இயந்திரம் வந்தபோது எண்ணெய் 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கியது. சால்வென்ட் ஆலையில் எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றி எடுத்தபின் மிஞ்சுவது 1 சதவீதம்கூடத் தேறாது. புரதம் ஏறியது, கொழுப்பு போனது. இதற்கிடையில் மாடும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பாகி 10 லிட்டருக்கு மேல் கறக்கிறது. பழைய படிக்கணக்கில் புண்ணாக்கை மட்டும் வைத்தால் கறவை மாடு எலும்பு தெரிய மெலியும். எரிசக்திக்குத் தானியம் வேண்டும்.

எக்ஸ்பெல்லர் கடலைப்புண்ணாக்கை வைத்து 100 கிலோவுக்கு ஒரு கணக்கு: மக்காச்சோளம் 35, கடலைப்புண்ணாக்கு 25, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 27, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும். தாது உப்பை நேராகத் தீவனம் கலக்கும் மிக்சரில் கொட்டாதீர்கள். 10 கிலோ தவிட்டில் முதலில் பிசறிவிட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு மூட்டையில் குவியும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. மக்காச்சோளத்தை மாவாக்கவும் வேண்டாம். மாவு இரைப்பையில் சட்டென்று புளித்து மாடு தீனி எடுக்காமல் நிற்கும். ரவையைவிடப் பருமனான குருணை சரி.

மூன்று தலைமுறைக்கும் பொதுவான எதிரி ஈரம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது பூஞ்சை பிடித்த பிரேசில் கடலைப்புண்ணாக்கால்தான். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையே உலகம் அப்போதுதான் கண்டுகொண்டது. மாடு உடனே சாகாது, ஆனால் நஞ்சு பாலில் இறங்கும். இந்திய தர நிர்ணயத்தில் மாட்டுத்தீவனத்துக்கு அஃப்ளாடாக்சின் B1 வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், ஈரம் 11 சதவீதம்.

ஈரம் அளக்கும் மீட்டர் இல்லாத இடத்தில் உப்புப் பாட்டில் கைகொடுக்கும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மக்காச்சோளம், இரண்டு மூன்று ஸ்பூன் காய்ந்த தூள் உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். லாரியைத் திருப்பி அனுப்புங்கள். ஒட்டாவிட்டாலும் நன்றாக உலரும்வரை களத்தில் காய வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

அரைத்த சூட்டோடு மூட்டை கட்டுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு. உள்ளே வியர்த்து, வாய்த் தையல் அருகே முதலில் கட்டி கட்டும். கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவிட்டு, மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். எண்ணெய் எடுக்காத பச்சை அரிசித் தவிட்டை இருப்பு வைக்கவே வேண்டாம், சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும்.

தீவனத்தை அழுத்திக் குச்சி குச்சியாக்கும் பெல்லட் இயந்திரத்துக்கு இப்போது அவசரமில்லை. அது வந்தால் கொதிகலன், கூலர் எல்லாம் பின்னாலேயே வரும். சுத்தியல்களால் அடித்து அரைக்கும் ஒரு ஹேமர் மில்லும் ஒரு மிக்சரும் வாங்குங்கள். மிச்சப் பணத்தை அறுவடைக் காலத்தில் காய்ந்த மக்காச்சோளம் வாங்கி வைக்கப் போடுங்கள்.