அதிகம் எழுதுவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க்கின் நாவலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய நூல்பட்டியலைத் தேடினேன். தலை சுற்றிவிட்டது. ஆண்டுக்குப் பத்து லட்சம் சொற்கள் எழுதியவராம், புனைபெயர்களே ஒரு பக்கத்துக்கு வருகின்றன. இப்படி எழுதித் தள்ளுபவர் நல்ல எழுத்தாளராகவும் இருக்க முடியுமா? நான் மாதம் ஒரு கதை எழுதுவதற்கே நண்பர்கள் குறைத்துக்கொள் என்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

அந்தப் பட்டியலின் முதல் பாதியைத் தாராளமாக விட்டுவிடலாம். நான் அதில் ஆறேழு கதைகள் படித்திருக்கிறேன். எதுவும் நினைவில் இல்லை, ஒரு பச்சைநிற வேற்றுக்கிரகவாசியைத் தவிர.

1955இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். அதே கட்டடத்தில் குடியிருந்த ராண்டல் காரெட் என்ற எழுத்தாளர்தான் பையனைப் பத்திரிகை ஆசிரியர்களிடம் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். எந்த ஆசிரியருக்கு எது பிடிக்கும், எத்தனை பக்கம் வேண்டும் என்பதெல்லாம் சில்வர்பெர்க்குக்கு அத்துப்படி. கேட்ட அளவில் தைத்துக் கொடுத்தார். 1956இல், 21 வயதில், நம்பிக்கையூட்டும் புதிய எழுத்தாளருக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. அறிவியல் புனைகதைக்குப் பெரிய விருது அது. அன்று தோற்றவர்களில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஃபிராங்க் ஹெர்பர்ட்டும் ஹார்லன் எலிசனும் உண்டு!

ஐம்பதுகளின் கடைசியில் பத்திரிகைகள் வரிசையாக மூடப்பட்டன. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தொல்லியல், வரலாறு என்று பொதுவாசகர்களுக்கான நூல்களுக்குத் தாவினார். அதில் வந்த பணத்தில் நியூயார்க்கின் முன்னாள் மேயர் லாகார்டியா குடியிருந்த பெரிய வீட்டை வாங்கினார். அவருடைய கதை அங்கேயே முடிந்திருந்தால் நீங்களும் நானும் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

‘கேலக்ஸி’ என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் ஆசிரியர் ஃபிரெடரிக் போல் அவரோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். நீ எதை எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் முதல் சொத்தைக் கதை வந்ததுமே ஏற்பாடு முறிந்துவிடும் என்றார். யாருக்காகத் தைப்பது என்ற கேள்வியே இல்லாமல் போய்விட்டது. அப்போது வந்த கதைதான் 1963இல் வெளியான ‘டு ஸீ தி இன்விசிபிள் மேன்’. பிறரிடம் ஈரமில்லாமல் நடந்துகொண்டதற்காக ஒருவனுக்கு ஓராண்டு ‘கண்ணுக்குத் தெரியாதவன்’ தண்டனை. நெற்றியில் அடையாளம் இருக்கும், எல்லோர் கண்ணுக்கும் தெரிவான், ஆனால் யாரும் அவனைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. தண்டனை முடிந்தபின், அதே அடையாளத்தோடு தெருவில் கெஞ்சும் இன்னொருவனை அவன் கட்டிக்கொள்கிறான். அதற்காக மறுபடி கைது. எத்தனை சிறிய கதை! ஐம்பதுகளின் சில்வர்பெர்க்காக இருந்தால் அதில் ஒரு துரத்தலையும் ஒரு துப்பாக்கியையும் செருகியிருப்பார்.

ஆனால் அந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது? நூற்றுக்கணக்கான மட்டமான கதைகளை எழுதிய கையிலிருந்துதான். எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நண்பர்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். நான் கேட்பது வேறு. உங்கள் கதையை முடிக்கும்போது எந்த ஆசிரியரின் முகம் மனதில் வருகிறது?

1968 பிப்ரவரியில் சில்வர்பெர்க்கின் அந்தப் பெரிய வீடு தீப்பிடித்தது. அதன்பின் பழைய வேகம் திரும்பவே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய நல்ல நாவல்களான ‘டவுன்வர்ட் டு தி எர்த்’ 1970இல், ‘டையிங் இன்சைட்’ 1972இல். இரண்டும் தீக்குப் பிந்தியவை. தீதான் அவரை நல்ல எழுத்தாளராக்கியது என்று சிலர் உருகுவார்கள், நம்பாதீர்கள். ‘தார்ன்ஸ்’ நாவல் 1967லேயே வந்துவிட்டது. 1975இல் எழுத்தே வேண்டாம் என்று அறிவித்தார். 1980இல் ‘லார்ட் வாலன்டைன்ஸ் காஸில்’ நாவலோடு திரும்பி வந்தார். அது எனக்குச் சற்று நீளம்.

நீங்கள் ‘டையிங் இன்சைட்’ நாவலில் தொடங்குங்கள். டேவிட் செலிக் பிறர் மனதைப் படிக்கக் கூடியவன், அந்தச் சக்தி வயதோடு வடிந்துகொண்டிருக்கிறது. பிழைப்புக்குக் கொலம்பியா மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கிறான், பக்கத்துக்கு இத்தனை டாலர் என்று. ஒவ்வொரு மாணவனும் எப்படி எழுதுவானோ அதே நடையில். காஃப்கா பற்றி அவன் எழுதிக் கொடுத்த கட்டுரை ஒன்று நாவலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடம் வந்ததும் 1955இன் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.